எர்ரர் நம்பர் 339

கம்ப்யூட்டர் நம்மிடம் பேசுகிற வாக்கியங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 'இந்த ப்ரோக்ராமைத் தொடங்க முடியவில்லை, ஏனென்றால் இன்ன ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. ப்ரோக்ராமைத் திரும்ப இன்ஸ்டால் செய்து பாருங்கள்.' விண்டோஸ் 7 காலத்தில் கிட்டத்தட்ட இந்த வார்த்தைகளில் வரும். விண்டோஸ் 10-இல் கொஞ்சம் விறைப்பு கூடி, 'கோடைத் தொடர்ந்து இயக்க முடியாது' என்று ஆரம்பிக்கும். எப்படி வந்தாலும் நடுவில் ஒரு பெயர் இருக்கும். எம்.எஸ்.வி.சி.பி.140, வி.சி.ரன்டைம்140, டி3டி.எக்ஸ்9_43. வால் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: டி.எல்.எல்.

பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆப்களோடு பழகுகிறோம். என்ன தவறு, இனி நான் என்ன பண்ணணும், ஒன்றும் சொல்லாது. இந்தப் பழைய எர்ரர் கொஞ்சம் நேர்மையானது. எனக்கு ஒருத்தர் வேணும், அவர் பேர் இது, அவர் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று சொல்லிவிடுகிறது. பேர் தெரிந்துவிட்டால் தேடிப் போகலாம்.

பட்டுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் 2019-இலிருந்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். வாரத்துக்கு நாலைந்து பேராவது இந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் லேப்டாப்பையே கொண்டுவருவார்கள். சிலர் திரையைப் போனில் போட்டோ எடுத்து, "அண்ணே, இது என்னன்னு பாருங்க" என்பார்கள். ஸ்கூல் பையன்கள் என்றால் கேம். காலேஜ் பிள்ளைகள் என்றால் ஆட்டோகேட் மாதிரி ஏதாவது. ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள் என்றால் மாசக் கடைசியில் வந்து, நான் என்னமோ அந்த ஃபைலைத் திருடி வைத்திருப்பது போலப் பார்ப்பார்கள்.

*

டி.எல்.எல். என்றால் டைனமிக் லிங்க் லைப்ரரி. லைப்ரரி என்றதும் நூலகத்தை நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயிலுக்குச் சொந்தமான அண்டா, குண்டான், ஜமக்காளம் எல்லாம் ஒரு அறையில் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் எடுத்துக்கொண்டு போய்ச் சமைத்துவிட்டுத் திருப்பி வைப்பார்கள். ஐநூறு பேருக்குச் சோறு வடிக்கிற அண்டாவை ஒவ்வொரு வீட்டிலும் வாங்கி வைக்க முடியுமா? வைக்க இடம்தான் இருக்கிறதா?

கம்ப்யூட்டரிலும் சிக்கல் இடம்தான். 1985 நவம்பரில் வந்த முதல் விண்டோஸ் 256 கிலோபைட் நினைவகத்தில் ஓடியாக வேண்டியிருந்தது. இன்றைக்கு நாம் வாட்ஸப்பில் அனுப்புகிற ஒரு போட்டோவே அதைவிடப் பெரிது. அந்த இடுக்கில் ஒவ்வொரு ப்ரோக்ராமும் ஜன்னல் வரைய, எழுத்துப் போட, பிரிண்டரிடம் பேசத் தனித்தனியாகச் சரக்கு சுமந்துகொண்டு வந்தால் தாங்காது. அதனால் எல்லோருக்கும் பொதுவான வேலைகளைத் தனி ஃபைல்களில் எழுதி ஓர் இடத்தில் வைத்தார்கள். ப்ரோக்ராமுக்குள் 'இந்த வேலைக்கு இன்ன ஃபைலைக் கூப்பிடு' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அது ஓடத் தொடங்குகிற நேரத்தில் விண்டோஸ் போய் அந்த ஃபைலைத் தேடி எடுத்துவந்து சேர்த்துவிடும். டைனமிக் என்ற சொல்லுக்கு இங்கே அதுதான் அர்த்தம்: எழுதும்போது ஒட்டாமல், ஓடும்போது ஒட்டிக்கொள்வது.

பொதுப் பாத்திரத்துக்கு என்னென்ன கதி வருமோ அத்தனையும் இதற்கும் வந்தது. ஒரு வீட்டுக்காரர் மூடியை மாற்றிப் போட்டுவிடுவார். ஒருத்தர் எடுத்தது திரும்பவே வராது. தொண்ணூறுகளில் நீங்கள் ஒரு புது சாஃப்ட்வேர் போடுவீர்கள், அது தன்னோடு கொண்டுவந்த பழைய டி.எல்.எல்லைப் பொது இடத்தில் இருக்கிற புதியதன் மேல் எழுதிவிடும். நேற்றுவரை ஓடிய வேறொரு ப்ரோக்ராம் இன்றைக்குப் படுத்துவிடும். ஒன்றை அழித்தால் அது போகிறபோக்கில் இன்னொன்றுக்கு வேண்டியதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ப்ரோக்ராமர்கள் இதற்கு டி.எல்.எல். நரகம் என்றே பேர் வைத்தார்கள். விண்டோஸ் 2000-இல் சிஸ்டம் ஃபைல்களின் மேல் யாரும் கை வைத்தால் பழையபடி மாற்றிவிடுகிற காவல் வந்தது. 2001-இல் எக்ஸ்.பி. வந்தபோது, ஒரே டி.எல்.எல்லின் பல பதிப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, யாருக்கு எது வேண்டுமோ அதைக் கொடுக்கிற ஏற்பாடும் வந்தது. நரகத்தின் சூடு குறைந்தது. அணைந்துவிடவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்கிற முதல் விஷயம்: பேரைப் படிங்க. எம்.எஸ்.வி.சி.பி.140, வி.சி.ரன்டைம்140 என்று கேட்டால் விஷுவல் சி++ 2015-க்குப் பிறகு வந்த ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பு இல்லை என்று பொருள். 2015, 2017, 2019, 2022 நாலுக்கும் ஒரே தொகுப்புதான். எம்.எஸ்.வி.சி.ஆர்.100 என்றால் 2010. 110 என்றால் 2012. 120 என்றால் 2013. டி3டி.எக்ஸ்9 என்று ஆரம்பித்தால் டைரக்ட்எக்ஸின் பழைய பாகங்கள். 2010 ஜூனில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட தொகுப்பைப் போட்டால் தீரும். 64 பிட் கம்ப்யூட்டர் என்பதால் 64 பிட் தொகுப்பு மட்டும் போதும் என்று நினைக்கக் கூடாது. கேட்கிற ப்ரோக்ராம் 32 பிட்டாக இருந்தால் அதற்கு 32 பிட் தொகுப்புதான் வேண்டும். இரண்டையும் போட்டுவிடுவது உத்தமம்.

காணாமல் போனது விண்டோஸின் சொந்த ஃபைல் என்றால் வேறு வழி. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து முதலில் டிஸ்ம், அப்புறம் எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ். அதற்கும் முன்னால் ஆன்டிவைரஸின் சிறைக்கூடத்தை எட்டிப்பார்க்க வேண்டும். காணாமல் போன ஃபைலைச் சந்தேகக் கேஸில் அதுவே பிடித்து உள்ளே வைத்திருப்பது உண்டு.

இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். அந்த ஃபைலின் பேரை அப்படியே தேடி, முதலில் வருகிற ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்த ஒரே ஒரு டி.எல்.எல்லை மட்டும் இறக்கிப் போடாதீங்க. ஒரு ப்ரோக்ராம் டி.எல்.எல்லைத் தேடும்போது பொதுவாகத் தன் சொந்த ஃபோல்டரில்தான் முதலில் பார்க்கும். அப்புறம்தான் சிஸ்டம் ஃபோல்டருக்குப் போகும். பேர் சரியாக இருந்தால் உள்ளே இருப்பது யார் என்று பெரும்பாலும் கேட்காது. கதவைத் தட்டி, "உங்க மாமா பையன் வந்திருக்கேன்" என்று சொல்கிற எவனையும் கூப்பிட்டுச் சோறு போடுகிற வீடு மாதிரி. திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

*

2022 ஜூன் மாசக் கடைசியில், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், ஓர் அக்கா மகளோடு கடைக்கு வந்தார். கையில் புது லேப்டாப். கட்டைப்பையில் ஒரு பழைய சி.பி.யூ., சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"தம்பி, இதுல இருக்கிறது இதுல வரணும்" என்றார் கட்டைப்பையையும் லேப்டாப்பையும் காட்டி.

பேராவூரணி ரோட்டில் ஒரு கிராமத்தில் உரக்கடை. யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ், வேப்பம்புண்ணாக்கு, பூச்சிமருந்து. உரக்கடை வியாபாரம் ரொக்கத்தில் நடப்பதில்லை. நடவுக்கு மூட்டை போகும், அறுப்புக்குத்தான் பணம் வரும். தென்னைக்காரர்கள் என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். இதற்குக் கணக்கு எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த அக்காவின் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் பைத்தியம். 2003 வாக்கில் டவுனில் ஒரு சென்டரில் விஷுவல் பேசிக் 6 படித்துவிட்டு, கடைக் கணக்குக்குத் தானே ஒரு ப்ரோக்ராம் எழுதியிருக்கிறார். பேர் 'கடை'. அவ்வளவுதான் பேர். பதினேழு பதினெட்டு வருஷம் அதில்தான் ஊரின் கடன் முழுக்க இருந்தது. 2021 மே மாசம், கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார்.

அதன்பின் அக்கா அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வந்தவர்கள் கொடுத்ததை நோட்டில் எழுதிக்கொண்டார். பாதிப் பேர் நாணயமாக வந்தார்கள். மீதிப் பேரில் சிலர், "அண்ணன்கிட்ட அப்பவே குடுத்துட்டேனேம்மா" என்றார்கள். அது உண்மையா பொய்யா என்று சொல்லக் கூடிய ஒரே ஆள் இல்லை. ஆள் எழுதிய ப்ரோக்ராம் இருந்தது. மகளைக் காலேஜில் சேர்க்கப் பணம் வேண்டும் என்று அதைத் திறக்கப் போனால் சி.பி.யூ. எழுந்திருக்கவில்லை, போர்டு போய்விட்டது. வேறொரு கடையில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, டி டிரைவில் இருந்த 'கடை' ஃபோல்டரை மட்டும் இந்தப் புது லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டபுள் க்ளிக் பண்ணினால் எர்ரர். அந்தக் கடையில், "இது பழைய சாஃப்ட்வேர், இனிமே ஓடாது. புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம்.

திறந்து பார்த்தேன். ரன்டைம் எர்ரர் 339. எம்.எஸ்.காம்.சி.டி.எல். டாட் ஓ.சி.எக்ஸ். என்ற பாகமோ, அது சார்ந்திருக்கிற வேறொன்றோ சரியாகப் பதிவாகவில்லை. ஒரு ஃபைல் இல்லை அல்லது செல்லாது.

"ஓடும்கா" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பொண்ணுதான், "நிஜமாவா அண்ணா?" என்றாள்.

*

விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998-இல். அதில் எழுதிய ப்ரோக்ராம் ஓடத் தேவையான அடிப்படை டி.எல்.எல். இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. அதை எழுதப் பயன்படுத்திய கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இலேயே முடித்துக்கொண்டாலும், அந்த ரன்டைமைத் தூக்கிப் போடவில்லை. அதைச் சார்ந்த ப்ரோக்ராம்கள் அத்தனை கடைகளில், அத்தனை ஆபீஸ்களில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ஓ.சி.எக்ஸ். என்கிற கூடுதல் பாகங்கள், அதாவது டூல்பார், மரக்கிளைப் பட்டியல், கட்டம் போட்ட அட்டவணை மாதிரியானவை, விண்டோஸோடு வருவதில்லை. ப்ரோக்ராம் எழுதினவர்தான் இன்ஸ்டாலரில் வைத்துக் கொடுக்க வேண்டும். தனக்காக மட்டும் எழுதிக்கொள்கிறவர் இன்ஸ்டாலர் எதற்குச் செய்யப் போகிறார்? எழுதிய கம்ப்யூட்டரிலேயேதான் எல்லாம் இருக்கிறதே.

புதிதாக எங்கிருந்தும் இறக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. கட்டைப்பைக்குள் போர்டுதான் செத்திருந்தது. நாற்பது ஜி.பி. ஹார்டு டிஸ்க் உயிரோடு இருந்தது. பழைய ஐ.டி.இ. டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் மாட்டுகிற கன்வெர்ட்டர் ஒன்று கடையில் உண்டு. மாட்டியதும் கொஞ்சம் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. முதல் வேலையாக டிஸ்க் முழுவதையும் ஒரு காப்பி எடுத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டால் இன்னும் எத்தனை தடவை சுற்றும் என்று சொல்ல முடியாது.

பழைய எக்ஸ்.பி.யின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் எம்.எஸ்.காம்.சி.டி.எல். பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அவர் எந்தப் பதிப்பை வைத்து எழுதினாரோ அதே பதிப்பு. அதைப் புது லேப்டாப்பில் போட வேண்டும். எங்கே? இங்கேதான் விண்டோஸ் நம்மோடு ஒரு விளையாட்டு விளையாடும். 64 பிட் விண்டோஸில் 64 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில். 32 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில். பேரும் சரக்கும் தலைகீழ். பழைய ப்ரோக்ராம்கள் சிஸ்டம்32 என்ற பேரை உள்ளுக்குள் எழுதி வைத்திருந்ததால் பேரை மாற்றினால் உடைந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். நம்முடையது 32 பிட். அதனால் சிஸ்வாவ்64-இல் போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, ரெஜ்.எஸ்.வி.ஆர்.32 என்று அடித்து அந்த ஃபைலைப் பதிவு செய்ய வேண்டும். ஃபைல் இருந்தால் மட்டும் போதாது. இருக்கிறது என்று விண்டோஸின் பேரேட்டில் ஏறவும் வேண்டும்.

திரும்ப டபுள் க்ளிக். திரும்ப 339. ஆனால் பேர் மாறியிருந்தது: எம்.எஸ்.எஃப்.எல்.எக்ஸ்.ஜி.ஆர்.டி. கட்டம் போடுகிற பாகம். கணக்குப் புத்தகத்துக்குக் கட்டம் இல்லாமலா? அதையும் எடுத்துப் போட்டுப் பதிவு செய்தேன்.

மூன்றாவது தடவை ஜன்னல் திறந்தது. வெள்ளைத் திரை ஒன்று ஒரு நொடி வந்து, அதற்கு மேல் வேறொரு எர்ரர். டி டிரைவில் இன்ன ஃபோல்டரில் டேட்டாபேஸ் இல்லை. வீட்டுக்காரர் அந்த முகவரியை ப்ரோக்ராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். புது லேப்டாப்பில் சி டிரைவ் மட்டும்தான். ப்ரோக்ராமைத் திருத்தலாம் என்றால் அதற்குப் பழைய விஷுவல் பேசிக் வேண்டும். அதற்கு அவசியமும் இல்லை. சப்ஸ்ட் என்று ஒரு பழைய கட்டளை உண்டு. டாஸ் காலத்திலிருந்து வருகிறது. ஒரு ஃபோல்டரை ஒரு டிரைவ் எழுத்தாக நடிக்க வைக்கும். சி டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, 'கடை'யை அதில் வைத்து, இனிமேல் நீதான் டி என்று சொன்னேன். ரீஸ்டார்ட் பண்ணினால் அது மறந்துவிடும் என்பதால், லேப்டாப் திறக்கும்போதெல்லாம் தானாக அந்தக் கட்டளை ஓடுகிற மாதிரி ஒரு சின்ன பேட்ச் ஃபைலை ஸ்டார்ட்டப்பில் போட்டேன்.

இப்போது பட்டியல் வந்தது. அக்கா எழுந்து வந்து திரைக்கு அருகில் குனிந்தார். ஒரு எழுத்தும் புரியவில்லை. பேர் இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடந்தன.

"அழிஞ்சிருச்சா தம்பி?"

"இல்லக்கா. இருங்க."

முதல் வரியில் கேபிடல் கே, ஸ்மால் ஜே, ஒரு செமிகோலன், கேபிடல் ஜே. டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். பாமினி எழுத்துருவில் இதை அடித்தால் 'முத்து'. யூனிகோட் பரவலாவதற்கு முன்னால் தமிழுக்கு இருந்த ஏற்பாடு அதுதான்: உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்து, மேலே தமிழ் முகமூடி. முகமூடி இல்லாத கம்ப்யூட்டரில் அது இங்கிலீஷாகவே நிற்கும். எக்ஸ்.பி.யின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பாமினி இருந்தது. எடுத்துப் போட்டு ப்ரோக்ராமை மூடித் திறந்தேன்.

முத்து. செல்வராசு. கோவிந்தன் வகையறா, மேலத்தெரு. ஒவ்வொரு பேராக ஏறி வந்தது.

நாலு எர்ரர், நாலு இல்லாத பொருள். இரண்டு ஓ.சி.எக்ஸ்., ஒரு டிரைவ், ஒரு எழுத்துரு. நாலுமே அவர் இருந்தவரை இருப்பதாகவே அவருக்குத் தோன்றியிருக்காது. மின்விசிறிக்கு மேலே உத்திரம் இருப்பதை யார் தினமும் பார்க்கிறார்கள்? அவரிடம் யாராவது, 'உங்க ப்ரோக்ராம் ஓட என்னென்ன வேணும்?' என்று கேட்டிருந்தால், 'ஒண்ணும் வேணாம், டபுள் க்ளிக் பண்ணுங்க' என்றுதான் சொல்லியிருப்பார். அதில் பொய் இல்லை.

*

பட்டியலின் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு 'குறிப்பு'. அக்கா அங்கேதான் முதலில் நின்றார். ஆளின் கையெழுத்து இல்லை, பாமினிதான். ஆனாலும் அவருக்குக் குரல் கேட்டிருக்க வேண்டும்.

தையில தர்றார். மகன் சிங்கப்பூர் போயிருக்கான், சித்திரையில கேக்கலாம். பாதி குடுத்தாச்சு, மீதி நெல்லா. இந்த மாதிரி. அப்புறம் 2018 கடைசியில் போட்ட வரிகள் வந்தன.

அந்த வருஷம் நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கத்தில் கரை ஏறியது. எங்கள் பக்கம் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எல்லாம் தென்னையை நம்பின ஊர்கள். விடிந்து பார்த்தால் தோப்பு தோப்பாகப் படுத்துக் கிடந்தது. வயலில் பயிர் போனால் அடுத்த போகம் என்று ஒன்று உண்டு. நெட்டைத் தென்னை போனால் புதிதாக வைத்த கன்று காய்க்க ஆறேழு வருஷம். அந்த மாசத்து வரிகளில் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப வந்தது: தென்னை பூரா போச்சு. கேக்க வேண்டாம்.

கேக்க வேண்டாம். கேக்க வேண்டாம். கேக்க வேண்டாம். எண்ணிப் பார்த்தோம், முப்பத்தொரு பேர். கணக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துச் சொச்சம்.

"அப்பவே குடுத்துட்டேனேம்மா" என்று சொன்னவர்களில் மூன்று பேர் அந்த முப்பத்தொன்றில் இருந்தார்கள். அவர்கள் கொடுத்திருக்கவில்லை. அவர் கேட்டிருக்கவும் இல்லை. வருஷக்கணக்கில் யாரும் கேட்காத கடன் தீர்ந்துபோன கடன் மாதிரியேதான் மனசில் உட்கார்ந்திருக்கும்போல.

பொண்ணு கால்குலேட்டரில் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை மட்டும் வாங்குனாலே மூணு வருஷ ஃபீஸும் கட்டிரலாம்" என்றாள்.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. கடையில் வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நான் பிரிண்டரில் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யாரிடம் என்று சொல்ல முடியாதபடி, "கேக்க வேணாம்னு அவரு எழுதிட்டுப் போய்ட்டாரு. இப்ப நான்ல போயி நிக்கணும்" என்றார். அதில் கோபம் இருந்தது. கோபம் மட்டும்தான் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பட்டியலை இரண்டாகப் பிரித்து அச்சடித்துக் கொடுக்கச் சொன்னார். கேட்கலாம் என்பவர்கள் ஒரு தாள்கட்டு. கேட்க வேண்டாம் என்பவர்கள் இன்னொன்று. இரண்டாவதை மடித்துக் கைப்பைக்குள் தனியாக வைத்துக்கொண்டார். கூலி எவ்வளவு என்று கேட்டார். எங்கள் முதலாளி ஐநூறு என்றார். ஐநூறைக் கொடுத்துவிட்டு, "இது எதுலயும் எழுதாத கணக்கு" என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தார்.

*

இந்த மாதிரி விஷயம் ஒரு கிராமத்து உரக்கடைக்கு மட்டும் நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். 2016 மார்ச்சில் உலகம் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஒரு நாள் விழித்துக்கொண்டு நின்றார்கள். லெஃப்ட்-பேட் என்று ஒரு சின்னத் தொகுப்பு. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்ஜியமோ சேர்த்து நீளத்தைச் சரிக்கட்டும். பதினொரே வரி. அதை எழுதினவர் பெயர்த் தகராறு ஒன்றில் மனம் வெறுத்து, என்.பி.எம். என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து தன் தொகுப்புகளையெல்லாம் எடுத்துவிட்டார். அந்தப் பதினொரு வரியை நம்பி இன்னொரு தொகுப்பு, அதை நம்பி வேறொன்று என்று சங்கிலியாகப் போய், பெரிய பெரிய ப்ராஜெக்ட்களெல்லாம் 'இன்ன ஃபைல் இல்லை' என்று நின்றன. சில மணி நேரத்தில் களஞ்சியக்காரர்களே அதைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தியை அப்போது படித்தபோது சிரிப்பாக இருந்தது. பட்டுக்கோட்டை கடையில் உட்கார்ந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. நாம் செய்கிற எந்தக் காரியமும் யாரோ எங்கேயோ செய்து வைத்ததன் மேல்தான் நிற்கிறது. தொழிலில் இதற்கு டிபென்டன்சி என்று பேர். நல்ல டீம்களில் ஒரு ப்ரோக்ராமோடு அது எதையெதை நம்பியிருக்கிறது, எந்தப் பதிப்பு என்று ஒரு பட்டியலையும் சேர்த்தே வைப்பார்கள். வீடுகளில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. எந்த பேங்கில் நகை இருக்கிறது, எந்த நம்பருக்கு ஓ.டி.பி. வரும், யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்பதெல்லாம் ஒரே ஆளின் தலைக்குள் இருக்கும். அந்த ஆள் எழுந்து போகிறவரை அது ஒரு பட்டியல் என்றே யாருக்கும் தெரியாது.

அந்த அக்காவுக்கு நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கம். எந்தெந்த ஓ.சி.எக்ஸ்., எந்த ஃபோல்டர், என்ன கட்டளை, டி டிரைவ் எப்படி வருகிறது, பாமினி எதற்கு. நாலு ஃபைலையும் டேட்டாபேஸையும் இரண்டு பென்டிரைவில் போட்டு, "ஒண்ணு வீட்டுல, ஒண்ணு உங்க அண்ணன் வீட்டுல வைங்கக்கா" என்றேன். தாளை லேமினேட் பண்ணிக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருப்பதாகப் பொண்ணு பிறகு போட்டோ அனுப்பினாள். பக்கத்தில் யூரியா விலைப்பட்டியல், அதற்கும் பக்கத்தில் அவர் படம்.

*

நான் 2023-இல் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டேன். ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை. பெரிய பெரிய சர்வர்கள், அதே எர்ரர்கள்.

அந்தப் பொண்ணு பி.காம். முடித்துவிட்டாள். முதல் தாள்கட்டில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கொடுத்துவிட்டார்கள், ஃபீஸ் அதில்தான் கட்டியது என்று சொன்னாள். அச்சடித்த தாளைக் காட்டினால் பேச்சு இருப்பதில்லையாம். தேதி, மூட்டைக் கணக்கு, பாக்கி எல்லாம் வரிசையாக இருக்கும்போது, 'அப்பவே குடுத்துட்டேனே' என்பது வாயில் வருவதில்லை. இரண்டாவது தாள்கட்டை அம்மா எடுக்கவே இல்லை என்றாள். முதல் செமஸ்டர் ஃபீஸுக்கு வளையலை அடகு வைத்தபோதுகூட எடுக்கவில்லை. அந்த ஒரு தடவை வீட்டில் பெரிய சண்டை என்றும் சொன்னாள். "எனக்கு அப்ப அப்பா மேலதான் அண்ணா கோவம்."

போன அக்டோபரில், அதாவது 2025 அக்டோபர் 14-ஆம் தேதி, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அதை எங்கேயோ படித்துவிட்டு அந்த வாரமே போன் பண்ணினாள். புது மெஷின் வாங்கப் போகிறோம், விண்டோஸ் 11-இல் 'கடை' ஓடுமா என்று கேட்டாள். ஓடும், 32 பிட் ப்ரோக்ராமை அதுவும் ஏற்றுக்கொள்ளும், அந்தத் தாளில் இருப்பதை அப்படியே செய் என்றேன். நான் வர வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். அவளே செய்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை 339 வந்திருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவில்லை. அதையும் தாளைப் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். வழக்கம்போலக் கடைசிக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கஜாவுக்கு அப்புறம் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருக்கின்றன. அந்த முப்பத்தொரு வரிகளில் மூன்றில் குறிப்பு மாறியிருந்தது. 'கேக்க வேண்டாம்' அப்படியே இருந்தது, அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் பாமினியில் புதிதாக அடித்திருந்தார்கள்: தானே வந்து குடுத்தார்.